எழுபத்தெட்டு அங்குல அலுமாரி

யூலை இருபத்து நான்காம் திகதி, வியாழக்கிழமை முற்பகல் பத்து மணிக்கு, மன்னார் ஐஸ் கொம்பனி ஒழுங்கையில் உள்ள எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்தவர்கள் பின்வருமாறு: குடும்பத் தலைவன் என்ற முறையில் வின்சன்ட் லெம்பேட் ஆகிய நான், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர், ஒழுங்கைக்கு 'மாஸ்டர்'. என் மகன் அலெக்ஸாண்டர், வேலை இழந்தவன். அவனுடைய மனைவி றஞ்சிதா. அவர்களுடைய மகள் டிலோஜினி. அடுத்த வீட்டு லூசியா, கைம்பெண். எதிர்வீட்டு வஸீர், மரம் விற்கிற மரக்காலை முதலாளி. அவருடைய மனைவி நசீறா. கடனிறுக்க இயலாமைச் சான்றளிப்புப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் திருமதி சிவபாக்கியம். அதே பிரிவின் மதிப்பீட்டு உத்தியோகத்தர் துஷாந்தன். வளவுக்குள் இரண்டு கழுதைகள்.

கழுதைகளைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அன்று எழுதப்பட்ட அரசாங்கப் பதிவில் அவையும் இருக்கின்றன.

எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பட்ட கடனை மறுத்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒரு துணிப்பையோடு மன்னார்த் தீவை விட்டு ஓடி, மடு மாதா கோவிலடியில் கூடாரத்துக்குள் இருந்தபோதும் என் தகப்பனார் சப்பாத்துப் போடாமல் வெளியே இறங்கியதில்லை. அப்போது எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஆனால் அதற்கு ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை.

இந்த முறை கேட்டார்கள்.

அலெக்ஸாண்டர் பத்தொன்பது வருடம் நண்டு பதனிடும் கொம்பனி ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது படலையில் பூட்டும், பூட்டுக்கு மேலே 'மறு அறிவித்தல் வரை' என்ற கடதாசியும் தொங்கின. மறு அறிவித்தல் இன்றுவரை வரவில்லை. தம்புள்ளைக்கு மீன் ஏற்றலாம் என்று கடனுக்கு ஒரு சின்ன லொறி வாங்கினான். அது மதவாச்சியில் இயந்திரம் உடைந்து நின்றது. இயந்திரத்துக்கு இரண்டாவது கடன். முதற்கடனின் தவணைக்கு மூன்றாவது கடன். நான்காவது எதற்கு என்று கேட்டபோது அவன் முகட்டைப் பார்த்தான். வீடும் வளவும் அந்த நான்காவது கடனுக்கு ஈட்டில் இருந்தன. இரண்டாவது கடனுக்கு நான் பிணை நின்றபடியால், என் ஓய்வூதியம் என் கைக்கு வராமலே போய்க்கொண்டிருந்தது. ஓகஸ்ட் முப்பதுக்கு முன் நிலுவையைக் கட்டாவிட்டால் வீடு ஏலம் என்று நிதிக் கொம்பனி எழுதியது.

றஞ்சிதா ஒருவரையும் கேட்கவில்லை. கடவுச்சீட்டு எடுத்தாள். குவைத்தில் ஒரு வீட்டு வேலை. ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி விமானம். ஏறுகிற அன்று முகவர் கையில் தருகிற முற்பணத்தைக் கட்டினால் ஏலம் நிற்கும். அவள் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது. டிலோஜினிக்கு அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை.

"லெம்பேட் குடும்பத்துப் பிள்ளை கடல் கடந்து போய் ஆரின்டயோ கோப்பை கழுவுறதோ?" என்று கேட்டேன்.

"இங்கயும் கோப்பைதான் கழுவுறன், மாமா," என்றாள். "அங்க சம்பளம் தருவினம்."

நான் எழுந்து மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன்.

இந்த நிலையில்தான், புதிதாகத் திறந்த ஒரு கந்தோரைப் பற்றி அலெக்ஸாண்டர் கேள்விப்பட்டு வந்தான். கடனைக் கட்ட இயலாது என்று அவர்கள் ஒரு சான்றிதழ் தந்தால், இரண்டு வருடத்துக்கு ஒரு கடன்காரனும் வாசலை மிதிக்க முடியாது. ஏலமும் இல்லை, குவைத்தும் இல்லை. பெயரைச் சொன்னால் அது வங்குரோத்துத்தான். இரண்டு நாள் யோசித்தேன். மருமகள் போவதா, குடும்பத்தின் பெயர் போவதா என்று வந்தபோது, பெயரைக் கந்தோர் ஒன்றின் கோப்புக்குள் வைத்துப் பூட்டலாம், ஊருக்குத் தெரியவராது என்று முடிவு செய்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு மகனோடு போனேன்.

வாசலில் பெரிய பதாகை: 'உங்கள் இயலாமை, எங்கள் கடமை.' திருமதி சிவபாக்கியம் எழுந்து வரவேற்றார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. இந்தப் பிரிவு துவங்கிப் பதினாலு மாசம். ஆயிரத்து இருநூறு விண்ணப்பம் வந்திருக்கு. ஒண்டைக்கூட நாங்கள் அங்கீகரிக்கேல்லை. அதில இருந்தே எங்கட தரத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்."

"மன்னாரில கடன்பட்டவை ஒருத்தரும் இல்லையோ, மெடம்?" என்று அலெக்ஸாண்டர் கேட்டான்.

"கடன்பட்டவை தாராளமா இருக்கினம், தம்பி. ஏழையளும் இருக்கினம். ஆனால் முறையான ஏழை கிடைக்கிறது சரியான கஷ்டம். ஒருத்தரிட்டப் பிரதி இல்லை. ஒருத்தரிட்டக் கடிதம் இல்லை. போன கிழமை ஒருத்தர் வந்தார், படிவம் வாங்கவே காசில்லையாம். அப்பிடியான ஆளை நம்பி நாங்கள் எப்பிடி வறுமைச் சான்றிதழ் குடுக்கிறது?"

அவர் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முப்பத்தாறு வருடம் அரசாங்க சேவையில் இருந்தவன் என்ற முறையில் நான் தலையசைத்தேன்.

விண்ணப்பக் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா. கட்ட இயலாதவர்களுக்குக் கந்தோரிலேயே கட்டணக் கடன் கொடுத்தார்கள். அதுதான் எங்கள் ஐந்தாவது கடன். எங்களிடம் எதுவும் இல்லை என்பதற்கு, எல்லாம் உள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். வஸீர் ஒருவராகக் கையெழுத்திட்டார். அவருடைய மைத்துனர் மற்றவர்.

பிறகு மூன்று நாள் கட்டாயப் பயிற்சி. கொழும்பில் இருந்து ஒரு பயிற்றுநர் கன்னத்தில் ஒட்டிய ஒலிவாங்கியோடு வந்தார். எண்பது கடன்காரர்களை வட்டமாக நிற்கவைத்து, "என்னால் முடியாது!" என்று கத்தச் சொன்னார். கத்தினார்கள்.

"காணாது! இன்னும் தன்னம்பிக்கையோட! நெஞ்சை நிமித்தி, 'என்னால் முடியாது!'"

நறுவிலிக்குளத்தில் இருந்து வந்த ஒரு கமக்காரர் மட்டும், "இந்தப் போகம் விளைஞ்சால் முடியும், சேர்," என்றார். அந்த இடத்திலேயே அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை என்று பயிற்றுநர் அவருக்குக் கைகொடுத்து விளக்கினார்.

நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. என் கோப்பில் 'குரல் வலு இழந்தவர்' என்று எழுதி ஐந்து புள்ளி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்துக்குத் தனிக் கட்டணம்.

கடைசிப் படி, வீட்டைப் பார்வையிடுவது. இருபத்து நான்காம் திகதி வருகிறோம் என்று கடிதம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் பெரிய ஆட்கள் வந்தால், ஒழுங்கையில் உள்ள நல்ல சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போகும். வஸீரின் மகளைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் மணிக்கூடு அங்கே அடித்தது. ஆயர் லூசியாவின் வீட்டை மந்திரிக்க வந்தபோது வஸீர் வீட்டுக் கம்பளத்தில்தான் நடந்தார். இது முதல் வழக்கம். இரவல் பொருளைச் சபையில் இரவல் என்று சொல்வதில்லை என்பது இரண்டாவது. வாங்கியவரும் சொல்வதில்லை, கொடுத்தவரும் சொல்வதில்லை. அறுபது வருடத்தில் ஒருவரும் இதை மீறியதாக நான் அறியேன்.

புதன்கிழமை பின்னேரம் நான் வஸீருக்கும் லூசியாவுக்கும் சொல்லி அனுப்பினேன்.

அலெக்ஸாண்டர் தலையில் கைவைத்தான். "அப்பா, எங்களிட்ட ஒண்டும் இல்லை எண்டு பாக்கத்தான் அவை வருகினம்!"

"படிவத்தில எழுதிக் குடுத்திருக்கிறம்தானே. இல்லை எண்டதைக் கடதாசியில எழுதலாம். வீட்டுக்கு வந்த மனிசருக்குக் கண்ணில காட்டேலாது."

"அப்ப அவை வந்து என்னத்தைப் பாக்கிறது?"

"குடும்பத்தைப் பாக்கட்டும்."

"அப்பப்பா," என்றாள் டிலோஜினி, "இது காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேக்க பவுடர் பூசிக்கொண்டு போற மாதிரி."

"பின்னே? பூசாமல் போறதோ?" என்று கேட்டேன்.

வஸீரின் தேக்கு செற்றியை மரக்காலை ஆட்கள் நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நசீறா, பொன் விளிம்பு வைத்த பன்னிரண்டு கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கடைசியாக லூசியாவின் சீதன அலுமாரி வந்தது. முதிரை மரம், ஆளுயர முகக்கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. அது ஒழுங்கையைக் கடக்க ஆறு பேரும் முக்கால் மணித்தியாலமும் பிடித்தது. உள்ளே லூசியாவின் நல்ல சீலைகள் மடித்தபடியே இருந்தன.

வியாழன் காலை, மேசையில் கிடந்த கடவுச்சீட்டு என் கண்ணில் பட்டது. வருகிறவர்கள் காணக்கூடாத பொருள். எங்காவது வை என்றேன். றஞ்சிதா அதை அலுமாரிக்குள் வைத்தாள். லூசியா, தன் அலுமாரி எந்த வீட்டில் நின்றாலும் பூட்டிவிடுகிற நாற்பது வருடப் பழக்கத்தில், பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். திருமதி சிவபாக்கியம் செற்றியில் அமர்ந்தார். பாதி அளவு மெத்தைக்குள் போனார்.

"அருமையான செற்றி."

"தேக்கு," என்றார் வஸீர் பெருமையோடு. பிறகு முகட்டைப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா வைச்சிருக்கிறியள்?" என்று துஷாந்தன் என்னைக் கேட்டார். கையில் அளவு நாடா, கழுத்தில் அடையாள அட்டை, பையில் ஒட்டுத்தாள் கட்டு. மலைநாட்டுப் பக்கத்தில் இருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"வந்தவை இருக்கத்தான் செற்றி. அதின்ட வயதை நாங்கள் கேக்கிறேல்லை," என்றேன்.

அலெக்ஸாண்டர் வாய் திறந்தான். "மெடம், உண்மையில இதுகள் எங்கட—"

நான் இருமினேன். ஆறு பெட்டி ரயிலை நிறுத்தப் போதுமான இருமல் அது. அவன் நிறுத்திக்கொண்டான். றஞ்சிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்று கணக்கில் எடுக்கவில்லை.

நசீறா பொன் விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார். துஷாந்தன் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பி அடியைப் படித்து எழுதிக்கொண்டார். பிறகு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"திறப்பு?"

லூசியாவின் கை இடுப்பில் இருந்தது. திறப்பை எடுத்து நீட்டினால் அலுமாரி யாருடையது என்று சபையில் சொன்னதாகிவிடும். அவர் செபமாலை சொல்வது போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாத இடத்தில, உயரத்தில அங்குலத்துக்குப் பத்தாயிரம் எண்டு சுற்றறிக்கை," என்றார் துஷாந்தன். நாடாவைப் பிடித்தார். "எழுபத்தெட்டு."

"சும்மா பூட்டி வைக்கமாட்டினம்," என்று திருமதி சிவபாக்கியம் எங்களுக்கு விளக்கினார். "எங்கட கந்தோரிலயும் பத்து அலுமாரி பூட்டிக் கிடக்கு. திறப்பு ஒருத்தரிட்டயும் இல்லை. அவ்வளவு பெறுமதி."

வளவுக்குள் இரண்டு கழுதைகள் வழக்கம்போல் நின்றன.

"இது ஆற்ற?"

"ஒருத்தற்றயும் இல்லை," என்றேன். இந்த முறை உண்மையையே சொன்னேன்.

"உங்கட வளவுக்குள்ள நிக்குதே, ஐயா."

"மன்னாரில அதுகள் விரும்பின வளவில நிக்கும், தம்பி," என்றார் வஸீர். "நாளைக்கு உங்கட கந்தோருக்குள்ளயும் வரும்."

துஷாந்தன் சிறிது யோசித்து எழுதினார்: 'கால்நடை இரண்டு. உரிமை மறுக்கப்படுகிறது. மறுக்கப்படுவதால் பெறுமதி கூடியதாக இருக்கலாம்.'

போகும்போது எல்லாவற்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டினார். அலுமாரியில் இரண்டு கதவுகளையும் சேர்த்து ஒட்டினார். 'அரச பதிவிலுள்ளது. விசாரணை முடியும்வரை அகற்றுதல், திறத்தல் குற்றம். உரிமையாளர்: வி. லெம்பேட்.' விசாரணை ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி. கழுதைகளில் ஒட்டியதை அவை அன்றே தின்றுவிட்டன.

அடுத்த நான்கு கிழமை ஒழுங்கை முழுவதும் எங்கள் வீட்டில் வாழ்ந்தது. வஸீர் மரக்காலை பூட்டியதும் வந்து தன் செற்றியில் தான் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போனார். புத்தளத்தில் இருந்து நசீறாவின் தங்கை ஸம்ஸியா பார்க்க வந்தபோது, அவரையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து, ஒட்டுத்தாள் ஒட்டிய கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். லூசியா ஆவணி மடுத் திருநாளுக்கு வீட்டுச் சீலையோடு போனார். அவருடைய நல்ல சீலைகள் எல்லாம் அரச பதிவில் இருந்தன. மாதா சீலையைப் பார்ப்பதில்லை என்றார் அவர். ஆனால் மாதாவின் சுருவம் வைத்த கூடு பவனியாக வெளியே வந்தபோது முன்வரிசைக்குப் போகவில்லை என்று டிலோஜினி வந்து சொன்னாள்.

திருநாள் முடிந்த மறுநாள் பின்னேரம், நான் நித்திரையால் எழும்பி வந்தபோது, றஞ்சிதா அலுமாரியைச் சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். கையில் திருகாணி கழற்றி.

"பின்பலகை ரெண்டு ஆணியிலதான் நிக்குதாம். லூசியா அக்கா சொன்னவ."

"அரசாங்க முத்திரை போட்ட சாமானைப் பின்பக்கத்தால திறக்கிறது எங்கட குடும்பத்தில இல்லை," என்றேன்.

"அப்ப முன்பக்கத்தால திறவுங்கோ, மாமா." அவள் சத்தம் போடவில்லை. "விசாரணையில எழும்பி ஒரு வசனம் சொல்லுங்கோ. 'அலுமாரி எங்கடயில்லை.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் எனக்குப் பாஸ்போட்டே தேவையில்லை. ஏலாது எண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் ரெண்டு ஆணியைக் கழட்டிப்போட்டுப் போறன். எனக்குப் பன்ரண்டு நாள்தான் இருக்கு."

'ஏலாது' என்று நான் சொல்லவில்லை. அவள் திருகாணி கழற்றியை அலுமாரியின் மேல் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அது அங்கேயே இருந்தது. அந்த அலுமாரியின் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் 'அலுமாரி' மட்டும் வந்தது. மூன்றாம் நாள் முழுவதும் வந்தது.

பத்தொன்பதாம் திகதி கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வஸீர், நசீறா, லூசியா மூவரையும் வெளி வாங்கில் இருத்தினார்கள். என்னையும் அலெக்ஸாண்டரையும் றஞ்சிதாவையும் உள்ளே விட்டார்கள்.

"மதிப்பீட்டில ஏதும் ஆட்சேபனை இருக்கோ, ஐயா?"

நான் எழுந்து நின்றேன். "அலுமாரி எங்களுடையதல்ல," என்றேன். "செற்றி எங்களுடையதல்ல. கோப்பைகள் எங்களுடையவையல்ல. எல்லாம் இரவல்." என் வாழ்க்கையில் நான் சபையில் சொன்னவற்றுள் மிக நீண்ட பேச்சு அது. சொல்லி முடித்தபோது றஞ்சிதா கதிரையை எனக்குப் பின்னால் இழுத்து வைத்தாள்.

"அப்ப ஆற்ற?"

மூன்று பெயர்களையும் சொன்னேன். "நல்லது, அவையையே கேப்பம்," என்றார் திருமதி சிவபாக்கியம்.

வெளி வாங்கில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இதை மட்டும் என் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் வஸீர் வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"செற்றி ஆற்ற?"

"மாஸ்டர் இருக்கிற செற்றி."

"உங்கடயோ எண்டு கேக்கிறன்."

"என்ர வீட்டில செற்றியே இல்லை, மெடம். இப்பவே வந்து பாருங்கோ. நான் செற்றியில இருக்க ஆசைப்பட்டால் மாஸ்டர் வீட்டுக்குத்தான் போறனான்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. அலெக்ஸாண்டர் கண்ணை மூடினான்.

நசீறா வந்தார். "கோப்பையோ? ஒரு மாசமா அவையின்ட வீட்டிலதானே நான் தேத்தண்ணி குடிக்கிறன். என்ர தங்கச்சி வந்தும் அங்கதான் குடிச்சவள்."

"லூசியா," என்றேன் நான் எழுந்து, "உண்மையைச் சொல்லும்."

"சாட்சியோட கதைக்கக்கூடாது, ஐயா," என்றார் துஷாந்தன்.

லூசியா கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "அலுமாரி மாஸ்டர் வீட்டில நிக்குது. மாஸ்டரின்ட பேர் போட்டு அரசாங்கமே ஒட்டியிருக்கு. அரசாங்கம் ஒட்டினது பிழையெண்டு நான் சொல்லுறதோ?"

துஷாந்தனின் முகம் மலர்ந்தது. நான்கு கிழமையில் அவருடைய வேலையை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

திருமதி சிவபாக்கியம் எங்கள் கோப்பினை மூடினார். "ஐயா, பொய் சொல்லி ஏழையா வரப் பாத்தவை ஆயிரத்து இருநூறு பேரைக் கண்டிட்டன். ஆனால் உங்களை மாதிரி ஒரு கௌரவமான மனிசர் இப்பிடிச் செய்வியள் எண்டு நினைக்கேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. கட்டணம் கட்டினியள். ரெண்டு பிணை கொண்டுவந்தியள். மூண்டு நாளும் பயிற்சிக்கு வந்தியள். படமும் வாங்கினியள். இவ்வளவும் செய்யக்கூடிய ஆள் எப்பிடி இயலாதவர்?"

"இதுகளைச் செய்யாமல் விட்டிருந்தால்?" என்று அலெக்ஸாண்டர் கேட்டான்.

"விண்ணப்பம் முழுமையில்லை எண்டு திருப்பியிருப்பம்."

விண்ணப்பம் தள்ளுபடியானால், விதிப்படி எதிர்ச் சான்றிதழ் தானாகவே வழங்கப்படும். தடித்த கடதாசி, பொன்னிற முத்திரை. 'ஐஸ் கொம்பனி ஒழுங்கை வி. லெம்பேட் குடும்பம் தனது கடன்கள் அனைத்தையும் இறுத்து, அதன் பின்னும் வசதியாக வாழும் இயலுமை உடையது என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.' அதற்குக் கட்டணம் இல்லை.

வெளியே வந்து நான் அந்த மூவரையும் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னியள்?"

"உங்களைச் சபையில வைச்சு இரவல்காரன் எண்டு நான் சொல்லுறதோ, மாஸ்டர்?" என்றார் லூசியா. அவருக்கு அழுகை வந்தது. "ஒரு மாசம் சீலையில்லாமல் இருந்தது அதுக்குத்தானோ?"

"நான் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னியள்?"

"இரவல் எண்டு."

வஸீர் என் முகத்தையே பார்த்தார். "நீங்களா? சபையிலயா?" பிறகு, "அப்ப எங்களிட்ட முதல்லயே சொல்லியிருக்க வேணாமா, மாஸ்டர்? உங்கட மானத்தைக் காப்பாத்தப் போய் உங்கட வீட்டையெல்லே வித்துப்போட்டு வாறம்," என்றார்.

அந்த நேரத்தில் றஞ்சிதா சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல். பிறகு வீட்டுக்குப் போய், லூசியாவிடம் திறப்பை வாங்கி, ஒட்டுத்தாளைக் கிழித்து, கடவுச்சீட்டை எடுத்துத் தன் பையில் வைத்தாள். இன்னும் ஒன்பது நாள்.

அடுத்த நாள் நான் யாருக்கும் சொல்லாமல் நிதிக் கொம்பனிக்குப் போனேன். அதுவரை நான் எவரிடமும் தவணை கேட்டதில்லை. ஒரு வசனம் சொன்னவனுக்கு இரண்டாவது வசனம் அவ்வளவு கஷ்டமில்லை. முகாமையாளர் தலை நிமிராமல், "கட்டேலாட்டி ஏலம்தான் ஐயா, நாங்கள் ஒண்டும் செய்யேலாது," என்றார். கதிரை காட்டவில்லை. என் கோப்பில் இருந்து கடன் கடிதத்தை எடுத்தபோது, கூடவே பொன்னிற முத்திரையும் வெளியே வந்தது. அவர் அதை வாங்கிப் படித்தார். எழுந்தார். கதிரையைத் தானே துடைத்தார்.

"இதை முதலே காட்டியிருக்கலாமே, ஐயா! வசதியில்லாத சனத்துக்குத் தவணை குடுத்தால் காசு வராது. வசதியுள்ளவைக்குத் தவணை குடுக்கிறதுதான் எங்கட கொள்கை. ரெண்டு வருசம் போதுமோ? தண்ட வட்டியையும் வெட்டிவிடுறன். ஏலம் எண்டு ஒரு கதை இனி இல்லை. இன்னுமொரு அஞ்சு இலட்சம் எடுத்துக்கொண்டு போங்கோவன்."

ஐந்து இலட்சம் வேண்டாம் என்றேன். தேத்தண்ணீர் குடித்தேன். பிஸ்கட்டும் வைத்தார்கள்.

றஞ்சிதா கொம்பனிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். முகவருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்து, அலுமாரியின் மேல் கிடந்த திருகாணி கழற்றியை எடுத்து அதற்குரிய பெட்டியில் போட்டாள். அன்று பின்னேரம் ஆறு பேர் அலுமாரியை லூசியா வீட்டுக்குத் தூக்கினார்கள். கடவுச்சீட்டை அவள் அதற்குள்ளேயே வைத்துவிட்டாள். லூசியா பூட்டினார். இருபத்தெட்டாம் திகதி விமானம் போனது.

அலெக்ஸாண்டர் இப்போது வஸீரின் மரக்காலை லொறியை ஓட்டுகிறான். அதிலேதான் அலுமாரியும் போகிறது. முதலில் வங்காலையில் இருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து கேட்டார்கள். வீட்டைப் பார்வையிடக் கந்தோரில் இருந்து வருகிறார்கள் என்றார்கள். பிறகு நறுவிலிக்குளத்துக் கமக்காரர் வந்தார். புதிதாக விண்ணப்பித்து, இந்த முறை கத்தியுமிருக்கிறார். லூசியா சீலைகளை வெளியே எடுத்துவிட்டுப் பூட்டிக் கொடுக்கிறார். துஷாந்தன் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக அளக்கிறார். ஒரு வீட்டில் மட்டும் எழுபத்தேழு வந்தது, நிலம் சரிவு. எல்லோருக்கும் பொன்னிற முத்திரை கிடைக்கிறது, எல்லோருக்கும் தவணையும் கிடைக்கிறது. மன்னார் மாவட்டத்தில் முதிரை அலுமாரி இல்லாத குடும்பமே இல்லை என்றும், பதினெட்டு மாதத்தில் ஒருவர்கூட வங்குரோத்து ஆகவில்லை என்றும் திருமதி சிவபாக்கியம் கொழும்பில் அறிக்கை வாசித்து விருது வாங்கினார். விழாவுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கைதட்டிவிட்டு வந்தேன்.

இப்போது ஊரில் ஒரு கதை உலாவுகிறது. வின்சன்ட் மாஸ்டர் தன்னுடைய அலுமாரியை நாள் வாடகைக்கு விட்டுத்தான் கடனை அடைக்கிறார் என்கிறார்கள். அது பொய். அலுமாரி எங்களுடையதல்ல. லூசியாவினுடையது.